டென்னிஸ் திறமைக்கு ஓர் அளவுகோல்

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். இருவர் டென்னிஸ் ஆடுகிறார்கள். முதலாமவர் சற்றே திறமை மிக்கவர். எவ்வளவு மிக்கவர் என்றால், ஆடப்படும் 100 புள்ளிகளில் சராசரியாக 55 அவருக்கும் 45 மற்றவருக்கும் கிடைக்கின்றன. இருவரும் நாள்தோறும் ஒரு முழுப் போட்டி ஆடுவதாகக் கொள்வோம். 100 நாட்களில் முதலாமவர் எத்தனை நாட்கள் வெல்வார்?

55 நாட்கள் என்று விடை கூறத் தோன்றும். சரியான விடை 91.

தோற்பவர் ஒன்றும் மோசமான ஆட்டக்காரர் அல்லர். ஏறத்தாழப் புள்ளிக்குப் புள்ளி ஈடு கொடுக்கிறார். ஆயினும் பதினொரு நாட்களுக்கு ஒரு முறைதான் அவருக்கு வெற்றி கிட்டுகிறது. இந்த விந்தை டென்னிசில் புள்ளிகளை எண்ணும் முறையில் அடங்கியிருக்கிறது.

டென்னிசில் முதலில் 4 புள்ளிகள் பெறுபவருக்கு ஒரு கேம் கிடைக்கும். ஆனால் எதிராளியைவிடக் குறைந்தது 2 புள்ளிகள் கூடுதலாக இருக்க வேண்டும். நடுவர் 15, 30, 40 என்று கூறுவதெல்லாம் பழைய வழக்கத்தால் வந்த பெயர்கள். எண்ணிக்கை என்னவோ ஒன்று, இரண்டு, மூன்றுதான். இவ்வாறே 2 கேம் முன்னிலையுடன் 6 கேம்களை வென்றால் ஒரு செட். இருவரும் 6-6 என்று நின்றுவிட்டால் டைபிரேக் என்னும் தனி ஆட்டம் முடிவு செய்யும். மூன்று செட்களில் இரண்டை வென்றவருக்குப் போட்டி.

நம் முதலாமவர் ஒரு கேமை வெல்லும் நிகழ்தகவைக் காண்போம். ஒரு புள்ளியை அவர் வெல்லும் நிகழ்தகவு 0.55, இழக்கும் நிகழ்தகவு 0.45. (செர்வீஸ் போடுபவருக்கு வாய்ப்புச் சற்று மிகுதி. கணக்கு எளிதாகும் பொருட்டு அதை ஒதுக்கி வைப்போம்.) எதிராளிக்கு ஒரு புள்ளியும் கொடாமல் வெல்ல வேண்டுமானால் 0.55ஐ நான்கு முறை பெருக்க வேண்டும்: 0.0915. ஒரு புள்ளி கொடுத்து 4-1 என வெல்ல நான்கு வழிகள் உண்டு. இழந்த புள்ளி ஐந்தில் எதுவாகவும் இருக்கலாமே, வழிகள் ஐந்து அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கடைசிப் புள்ளி வென்றவருடையதாகத்தான் இருக்க முடியும், ஆகவே நான்கே. இதன் மதிப்பு 4 × 0.0915 × 0.45, அதாவது 0.1647. 4-2 என வெல்லும் வழிகள் 10, மதிப்பு 0.1853.

எஞ்சியிருப்பது 3-3 என்னும் டியூஸ் நிலை. அதை அடையும் வழிகள் 20, நிகழ்தகவு 0.3032. டியூசிலிருந்து அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் பெற்றவருக்குக் கேம். ஆளுக்கு ஒன்று பெற்றால் மீண்டும் டியூஸ். ஆகையால் இருவரின் வாய்ப்புகளும் 0.55இன் வர்க்கத்துக்கு 0.45இன் வர்க்கம் என்ற விகிதத்தில் அமைகின்றன. 0.3025க்கு 0.2025. இதில் நம்மவரின் பங்கு 0.599. டியூசின் நிகழ்தகவை இதனால் பெருக்க, 0.1816 கிடைக்கிறது. நான்கு மதிப்புகளையும் கூட்டினால் 0.623.

புள்ளியில் 55 விழுக்காடாக இருந்தது கேமில் 62 விழுக்காடாகிவிட்டது. இதே முறையில் மேலே சென்றால் செட்டில் ஏறத்தாழ 81½, போட்டியில் 91. வானொலிப் பெட்டிக்குள் மெல்லிய அலையொன்று கட்டம் கட்டமாகப் பெருக்கப்பட்டு ஒலிபெருக்கியை அதிரச் செய்வதுபோல, டென்னிசின் மூன்று கட்டங்களும் திறமையின் சிறு வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டுகின்றன.

வேறுபாடு இன்னும் சற்றுக் கூடினால் நிலைமை என்ன? 100 புள்ளிகளில் 60 பெறுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். கேமில் அவர் வாய்ப்பு 74 விழுக்காடு, செட்டில் 96, போட்டியில் 99.6. அதாவது மற்றவர் 1000 போட்டிகள் ஆடினால் நான்கில் வெல்லலாம். அதுவரை பொறுமையுடன் ஆடுவார் யார்?

பிரிவுகள் தோன்றிய கதை

இந்தக் கேள்வி அமெரிக்காவில் உண்மையாகவே எழுந்தது. அங்கே அலுவலகம் முடிந்த மாலைகளிலும் வார இறுதிகளிலும் பொழுதுபோக்காக டென்னிஸ் ஆடுவோர் ஏராளம். கல்லூரி அணியில் ஆடியவரும் நேற்றுத்தான் மட்டையைப் பிடித்தவரும் ஒரே சங்கத்தில் இருப்பார்கள். இவர்களை ஒரே பட்டியலில் சேர்த்துப் போட்டி நடத்தினால், புதியவர் 0-6, 0-6 என இரண்டு வாரம் தோற்றுவிட்டு மூன்றாவது வாரம் வரமாட்டார்.

ஆகவே 1970களின் இறுதியில் ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. தேசிய டென்னிஸ் தரத் திட்டம் என்பது அதன் பெயர், என்.டி.ஆர்.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1.0இல் தொடங்கி அரை அரையாக ஏறி 7.0இல் முடியும். 1.5 என்றால் பந்தை எப்படியாவது வலைக்கு அப்பால் அனுப்பப் பாடுபடுபவர். 2.5 என்றால் பந்து எங்கே வரும் என்று கணிக்கத் தொடங்கி, மெதுவான பந்தைச் சில முறை திருப்பி அடிக்கக் கூடியவர். 3.0 தரத்தினர் நடுத்தர வேகப் பந்தை ஓரளவு பிழையின்றி ஆடுவர். ஆனால் குறிவைத்து அடிப்பதும் ஆழமாக அடிப்பதும் இன்னும் கைவரவில்லை. 7.0 உலக வீரர்களுக்கு உரியது. அமெரிக்க டென்னிஸ் சங்கம் 1980இல் தொடங்கிய லீக் போட்டிகள் இந்த அளவுகோலின்மேல் கட்டப்பட்டவை. 3.0 பிரிவில் ஆடும் அணியில் அதற்கு மேற்பட்ட தரத்தினர் இடம்பெற முடியாது. 2.5 பிரிவே பெரும்பாலும் தொடக்கநிலையினரின் வாயில்.

ஒருவருடைய தரத்தை யார் நிர்ணயிப்பது? ஆட்டத்தைப் பார்த்து மதிப்பிடலாம். ஆனால் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மதிப்பீடு மாறும். அழகாக அடிப்பவருக்கு அதிகமும், அலங்கோலமாக அடித்தாலும் வென்று விடுபவருக்குக் குறைவும் போடுவது மனித இயல்பு. முடிவுகளைக் கொண்டே அளப்பதுதான் அறிவியல் முறை. அதற்கு வழிகாட்டியவர் ஓர் இயற்பியல் பேராசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

எலோவின் அளவுகோல்

ஆர்பாட் எலோ 1903இல் ஹங்கேரியில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தார். சதுரங்கத்தில் வல்லவர். சதுரங்க வீரர்களின் திறமையை எண்ணால் குறிக்க அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இலும் ஏற்றுக்கொண்டன.

எலோவின் முறையில் ஒரு தனி ஆளின் எண்ணுக்குப் பொருள் இல்லை. இரண்டு எண்களின் வேறுபாட்டுக்கே பொருள். மின்னழுத்தத்தைப் பற்றிப் படித்த உங்களுக்கு இது புதிதன்று. வோல்ட்மீட்டரின் ஒரு முனையை மட்டும் சுற்றில் தொட்டால் அது எதையும் காட்டாது. இரு முனைகளையும் தொட வேண்டும். பூமியின் மின்னழுத்தம் சுழி என்பது நம் வசதிக்காக நாமே வைத்துக்கொண்டது.

வேறுபாட்டிலிருந்து வாய்ப்பைக் கணிக்க எளிய வாய்பாடு ஒன்று உண்டு. வேறுபாட்டை 400ஆல் வகுத்து, வரும் ஈவை 10இன் அடுக்காக எடுத்து, அதனுடன் 1ஐக் கூட்டி, 1ஐ அந்தத் தொகையால் வகுத்தால் குறைந்த தரத்தினரின் வாய்ப்பு கிடைக்கும். வேறுபாடு 200 அலகு எனில் 10இன் அடுக்கு அரை, அதாவது 3.16. வாய்ப்பு 4.16இல் ஒரு பங்கு, 0.24. வேறுபாடு 400 எனில் 11இல் ஒரு பங்கு. நாம் முதலில் பார்த்த 55-45 ஆட்டக்காரர்கள் நினைவிருக்கிறார்களா? பதினொரு நாட்களுக்கு ஒரு வெற்றி. எலோவின் கோலில் அவர்களுக்கு இடையே சரியாக 400 அலகு!

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் எண் திருத்தப்படுகிறது. 1400 உடையவர் 1200 உடையவருடன் ஆடுகிறார் என்க. அவரிடம் எதிர்பார்க்கப்படுவது 0.76 வெற்றி. வென்றால் 1 கிடைத்தது, எதிர்பார்த்ததைவிட 0.24 கூடுதல். இதை 32 போன்ற ஒரு மாறிலியால் பெருக்கினால் 8 அலகு ஏற்றம். தோற்றாலோ 24 அலகு இறக்கம். ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதிலிருந்தே வருகிறது, மொத்தம் மாறுவதில்லை. ஆற்றல் அழிவின்மை விதி போன்ற ஒன்று இங்கே வேலை செய்கிறது. இதை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் இதனால் ஒரு தொல்லை வரப்போகிறது.

டென்னிசுக்கு வரும்போது கணக்கில் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. பொழுதுபோக்கு ஆட்டக்காரர் ஓர் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு போட்டிகள் ஆடினாலே அதிகம். வெற்றி, தோல்வி என்று மட்டும் குறித்துக்கொண்டால் விவரம் போதாது. தனி ஊசல் சோதனையில் ஒரே ஓர் அலைவின் நேரத்தை அளக்காமல் 20 அலைவுகளின் நேரத்தை ஏன் அளக்கிறோம்? பிழையைக் குறைக்கத்தானே? ஒரு போட்டியில் ஏறத்தாழ 20 கேம்கள் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொண்டால் ஒரே போட்டி பல அளவீடுகளைத் தந்துவிடுகிறது. அமெரிக்கச் சங்கத்தின் கணிப்பொறி இதைத்தான் செய்கிறது. 6-4, 6-4 என வெல்ல வேண்டியவர் 7-6, 7-6 என வென்றால் அவர் எண் இறங்கலாம். தோற்றவர் எண் ஏறலாம். வென்று திரும்பியவருக்கு இது விளங்காமல் கோபம் வருவதுண்டு.

தொடக்கநிலையில் வரும் தொல்லை

இத்தனை நுட்பமும் மிகத் தேவைப்படுவது தொடக்கநிலைப் பிரிவில்தான். அங்கேதான் ஒரு சில படுதோல்விகள் ஒருவரை ஆட்டத்தையே விட்டுவிடச் செய்யும். ஆனால் இந்த அளவுகோல் மிகவும் தடுமாறுவதும் அங்கேதான்.

முதலில், புதியவரைப் பற்றிய அளவீடுகளே இல்லை. ஒன்றுமில்லாத இடத்தில் எந்த எண்ணைப் போடுவது? அமெரிக்க லீக்கில் அவரையே கேட்கிறார்கள். பள்ளி அணியில் ஆடியதுண்டா, கல்லூரியில் ஆடியதுண்டா என்று வினாப்பட்டியல் ஒன்றை நிரப்பி, தம் தரத்தைத் தாமே அறிவிக்க வேண்டும். பெரும்பாலோர் நேர்மையாகத்தான் நிரப்புகிறார்கள். சிலர் அடக்கத்தால் குறைத்துச் சொல்கிறார்கள். வேறு சிலர் கோப்பையின்மேல் ஆசை கொண்டு, வேண்டுமென்றே கீழ்ப்பிரிவில் நுழைகிறார்கள். இவர்களைப் பிடிக்க ஒரு விதி உண்டு. தாமே தரம் அறிவித்தவர்களின் எண்ணைக் கணிப்பொறி போட்டிக்குப் போட்டி கவனிக்கும். அந்தப் பிரிவுக்குரிய வரம்பை மூன்று முறை மிகவும் தாண்டினால் ஆட்டக்காரர் அப்பிரிவிலிருந்து நீக்கப்படுவார். ஒரு முறைக்கே நீக்காமல் மூன்று முறை வரை பொறுப்பது கருணையால் அன்று. ஒரு நாள் ஆட்டம் ஒருவரின் சராசரிக்கு மேலும் கீழும் ஆடக் கூடியது. ஒற்றை அளவீட்டை நம்பி யாரையும் தண்டிக்க முடியாது.

இரண்டாவது தொல்லை, அளக்கப்படும் பொருளே மாறிக்கொண்டிருப்பது. இருபது ஆண்டுகளாக ஆடுபவரின் திறமை ஓர் ஆண்டில் பெரிதாக மாறிவிடாது. புதியவரோ நான்கு மாதப் பயிற்சியில் வேறு ஆளாகிவிடுகிறார். சூடேறிக்கொண்டிருக்கும் நீரின் வெப்பநிலையை மெதுவாக ஏறும் வெப்பமானியால் அளப்பது போன்றது இது. பாதரசம் எப்போதும் பின்தங்கியே நிற்கும். இப்போது அந்த அழிவின்மை விதிக்கு வருவோம். எலோவின் எளிய முறையில் புதியவர் 1200இல் நுழைந்து, உண்மையில் 1600க்கு உரியவராக வளர்ந்தால், இடையிலுள்ள 400 அலகுகள் எங்கிருந்து வருகின்றன? அவருடன் ஆடியவர்களிடமிருந்துதான். அவர்கள் ஆட்டம் ஓர் அணுவும் குறையவில்லை. எண் மட்டும் குறைந்துவிட்டது. தொடக்கநிலைப் பிரிவில் இத்தகைய புதியவர்கள் பலர் இருந்தால் பிரிவு முழுவதன் எண்களும் மெல்லச் சரியும்.

இதற்கு மார்க் கிளிக்மன் என்னும் அமெரிக்கப் புள்ளியியலார் 1995இல் ஒரு தீர்வு கண்டார். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போதாது, இரண்டு வேண்டும் என்றார். ஒன்று திறமையின் மதிப்பீடு. மற்றது அம்மதிப்பீட்டில் உள்ள ஐயம். உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் நீளம் 25.3, பிழை 0.1 என்று எழுதுகிறீர்களே, அதுதான். புதியவர் 1500 என்ற எண்ணுடனும் 350 என்ற பெரிய ஐயத்துடனும் நுழைகிறார். ஐயம் பெரிதாக இருக்கும்வரை அவர் எண் விரைந்து மாறும். அவருடன் ஆடிய பழையவரின் எண்ணோ சிறிதே அசையும். ஆடாமல் ஓய்ந்திருந்தால் ஐயம் மீண்டும் வளரும். சதுரங்கத்துக்காக வகுத்த முறைதான். ஆனால் தொடக்கநிலையினரைக் கொண்ட எந்த விளையாட்டுக்கும் இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது தொல்லையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஓர் ஊரின் தொடக்கநிலையினர் தமக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், அவர்கள் வேறொரு சுற்றுடன் கம்பியால் இணைக்கப்படாத மின்சுற்று போன்றவர்கள், அங்குள்ள 2.5ஐயும் மற்றோர் ஊரின் 2.5ஐயும் ஒப்பிட வழியே இல்லை. மாவட்டப் போட்டிகளுக்குச் செல்லும் அணிகளும், துணிந்து மேற்பிரிவிலும் ஆடுபவர்களுமே அந்த இணைப்புக் கம்பிகள்.

அரையா, நூற்றில் ஒன்றா?

அமெரிக்கச் சங்கத்தின் கணிப்பொறி எண்ணை இரண்டு தசம இடங்கள் வரை கணக்கிடுகிறது. 2.51 முதல் 3.00 வரை உள்ளவர்கள் 3.0 பிரிவினர். ஆனால் ஆட்டக்காரருக்கு ஆண்டிறுதியில் அறிவிக்கப்படுவது 2.5, 3.0 என்ற அரைப்படிகள் மட்டுமே. மறைக்கிறார்கள் என்று பலர் குறை கூறுகின்றனர். முக்கிய இலக்கங்களைப் பற்றிப் படித்தவர்கள் அப்படிக் கூறமாட்டார்கள். பத்துப் போட்டிகளிலிருந்து கணித்த எண்ணின் இரண்டாம் தசமத்தில் செய்தி எதுவும் இல்லை. ஆனால் எங்கேனும் ஓர் எல்லைக்கோடு போட்டே ஆக வேண்டும். 3.00 உடையவர் ஒரு பிரிவிலும் 3.01 உடையவர் அடுத்த பிரிவிலும் ஆடுவர். இருவருக்கும் திறமையில் வேறுபாடு உண்டென்று எந்தக் கருவியாலும் காட்ட முடியாது.

யூ.டி.ஆர். எனப்படும் மற்றொரு தர எண் 1இலிருந்து 16.5 வரை செல்கிறது. ஆண், பெண், சிறுவர், பெரியவர் அனைவருக்கும் ஒரே கோல். கடந்த 12 மாதங்களில் ஆடிய 30 போட்டிகள் வரை கணக்கில் சேரும். இது இரண்டு தசமங்களையும் ஆட்டக்காரர் கண்ணில் காட்டிவிடுகிறது. விளைவு, நூற்றில் ஒரு பங்கு இறங்கிவிடுமோ என்று அஞ்சி, தம்மினும் குறைந்தவருடன் ஆடவே தயங்குவோர் தோன்றிவிட்டனர். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் உலக டென்னிஸ் எண் 40இல் தொடங்கி 1 நோக்கி இறங்குகிறது. தொடக்கநிலையினருக்கு எண் பெரிது.

பிரிவுகளே இல்லாமல் சமாளிக்கும் பழைய வழி ஒன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பரவலாக இருந்த ஹாண்டிகேப் போட்டிகளில், திறமை குறைந்தவருக்குக் கேம் தொடங்கும்போதே ஒரு புள்ளி, அதாவது 15, இலவசமாகக் கொடுத்தனர். நம் 45 விழுக்காட்டுக்காரருக்கு அப்படிக் கொடுத்துப் பார்ப்போம். சலுகையின்றி அவர் 100 கேம்களில் 38 வெல்வார். ஒவ்வொரு கேமிலும் ஒரு புள்ளி கொடுத்தால் 54 வென்றுவிடுகிறார்! சலுகை அளவுக்கு மிஞ்சிவிட்டது. அக்காலத்தவர் இதையும் கண்டுகொண்டார்கள். ஆறு கேம்களில் நான்கில் மட்டும் புள்ளி கொடுப்பது, ஐந்தில் மட்டும் கொடுப்பது என்று ஆறில் பங்குகளாகப் பிரித்தார்கள். ஆறில் நான்கு கொடுத்தால் அவர் வெல்வது 100க்கு 48.7 கேம்கள், ஆறில் ஐந்து கொடுத்தால் 51.4. நடுநிலை இவ்விரண்டுக்கும் இடையே இருக்கிறது. நிகழ்தகவுக் கணக்குப் போடாமல் பட்டறிவாலேயே இவ்வளவு நெருங்கியிருக்கிறார்கள். பிரான்சில் ஆட்டக்காரர்களின் தரப்பெயர்கள் இன்றும் 40, 30/2, 15, 4/6 என்றே வழங்குகின்றன. அவை அந்தப் பழைய சலுகையின் எச்சங்கள். அங்கே மிக வல்லவர்களின் தரங்கள் சுழிக்கும் கீழே, எதிர்க்குறி எண்களாக இருக்கும். அவர்கள் புள்ளி பெறுபவர்கள் அல்லர், கடன்பட்டுத் தொடங்குபவர்கள்.

நீங்கள் போட்டுப் பார்க்க ஒரு கணக்குத் தருகிறேன். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் டியூஸ் வந்தால் இரண்டு புள்ளி முன்னிலை தேவையில்லை. அடுத்த ஒரே புள்ளி கேமை முடித்துவிடும். மேலே நாம் போட்ட கணக்கில் 0.599க்குப் பதில் 0.55ஐ இட்டால் போதும். கேமை வெல்லும் வாய்ப்பு 62.3 விழுக்காட்டிலிருந்து 60.8ஆகக் குறையும். செட்டிலும் போட்டியிலும் இந்தக் குறைவு எவ்வளவாகப் பெருகுகிறது என்று கணக்கிடுங்கள். புதிதாக ஆட வந்தவருக்கு எந்த விதி நல்லது என்பது அப்போது தெரிந்துவிடும்.